இரண்டாவது ஏர்ஃப்ளோ சென்சாரும் போய்விட்டது: டீசல் காரின் மூச்சுக்குழாயை எப்படிச் சீர்செய்வது?

பரமத்திப் புழுதி | ஜூலை 18, இரவு 9.42

வணக்கம். கரூரிலிருந்து க.பரமத்தி பக்கம் தினமும் போக வர 46 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. கல்குவாரி, கிரஷர், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிகள். ஆடி பிறந்ததும் காற்றும் சேர்ந்துகொண்டது. காலையில் துடைத்த கண்ணாடியில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

வண்டி 2014 மாடல், 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக், 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. சென்ற ஆண்டு மே மாதம் மூன்றாவது கியரில் மேடேறும்போது இழுவை செத்தது. செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0101, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கு ஒத்துவரவில்லை என்னும் குறியீடு. ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. பதினான்கே மாதம். இப்போது அதே மேடு, அதே கியர், அதே விளக்கு. மெக்கானிக் புதிதாக ஒன்று போட்டுவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஏழாயிரத்துச் சில்லறை அவருக்குச் சிரிப்பு. வருடா வருடம் சென்சார் கடைக்கு மொய் எழுத என்னால் முடியாது.

நான் யோசித்து வைத்திருப்பது: ஃபில்ட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய் தடவிய பருத்திக் கூம்பு ஃபில்ட்டரைப் போடுவது. காற்று நுழையும் வாயில் ஸ்பாஞ்ச் உறை ஒன்றை மாட்டுவது. அந்த வாயையும் பம்பருக்குக் கீழே இறக்கிக் குளிர்ந்த காற்று கிடைக்கச் செய்வது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர் | ஜூலை 18, இரவு 10.05

தம்பி, மூன்றுமே வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போகிறேன், காலையில் விளக்கமாக எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஃபில்ட்டருக்குப் பிறகு, சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சென்சார் மீது கை படக்கூடாது.

கூம்பு ரசிகன் | ஜூலை 18, இரவு 11.20

மூன்றுமே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாரே! நான் கூம்பு ஃபில்ட்டர் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 40,000 கிலோமீட்டர். சென்சார் அப்படியே இருக்கிறது. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ மூச்சு இழுக்கும் ஓசை காதில் தேன். எண்ணெயை அளவாகத் தடவி ஒரு இரவு ஊறவிட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் போட்டால் எதுவும் ஆகாது. கெட்ட பெயரெல்லாம் அவசரக்காரர்களால் வந்தது.

பட்டறைக்காரர் | ஜூலை 19, காலை 6.15

கூம்பு ரசிகன் சொல்வது பொய்யில்லை. அவர் தடவுவதுபோல் எல்லோரும் தடவினால் நான் வாயே திறக்கமாட்டேன். என் பட்டறைக்கு வந்தவர்கள் அப்படித் தடவியவர்கள் அல்லர். அப்பளம் பொரித்த வாணலியில் முக்கி எடுத்ததுபோல் கொண்டுவருவார்கள்.

முதலில் அந்தச் சென்சாரின் வேலை என்னவென்று பார்ப்போம். குழாயின் நடுவே ஒரு பிளாஸ்டிக் விரல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு சிறு வழி. அந்த வழியில் நகக்கண்ணைவிடச் சிறிய படலம் ஒன்று. மின்சாரத்தால் அது எப்போதும் காற்றைவிடச் சூடாக வைக்கப்பட்டிருக்கும். காற்று ஓடினால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். எவ்வளவு போனது என்பதை வைத்து எத்தனை கிராம் காற்று உள்ளே போனது என்று கணினி கணக்கிடும். சுடுசாதத்தை விசிறியால் விசிறுவதுதான் கதை. இப்போது அந்தப் படலத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு; பிசுக்கின் மேல் கிரஷர் தூள். கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். வேகமான காற்றிலும் சூடு முழுதாகப் போகாது. காற்று குறைவாக வருவதாகக் கணினி நம்பிவிடும்.

பெட்ரோல் வண்டியில் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பெட்ரோலையே ஊற்றுவார்கள். டீசலில் அப்படியில்லை. இங்கே இரண்டு காரியத்துக்கு இந்த எண் வேண்டும். எரிந்த புகையில் கொஞ்சத்தை மீண்டும் என்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வை எவ்வளவு திறப்பது என்பது ஒன்று. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கரும்புகை வராமல் டீசலை எங்கே நிறுத்துவது என்பது இன்னொன்று. காற்று குறைவு என்று பொய்க்கணக்கு போனால் டீசலைக் கட்டிவிடும். உங்கள் மூன்றாவது கியர் மேடு அதுதான்.

அந்தக் காலத்து ஏர்ஃப்ளோ மீட்டர்களில் படலம் கிடையாது, பிளாட்டினக் கம்பி இருக்கும். வண்டியை அணைத்ததும் ஒரு நொடி அந்தக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. படலம் வந்ததும் அந்த வசதி போயிற்று. இப்போதுள்ளதில் காற்று வரும் வழியையே வளைத்து, கனமான துகள் படலத்தின் பக்கம் போகாமல் செய்திருக்கிறார்கள். அது ஓரளவுக்குத்தான் காக்கும்.

இன்னொன்று. சென்சார் அந்தக் குழாயின் விட்டத்தோடு சேர்த்துத்தான் அளவு பிடிக்கப்பட்டது. கூம்பு போடுகிறவர்கள் குழாயையும் மாற்றுகிறார்கள். சென்சாருக்கு முன்னால் உள்ள வலையைக் காற்றுக்குத் தடை என்று பிய்த்து எறிகிறார்கள். 60 மில்லிமீட்டர் குழாயை 66 ஆக்கினால் வாயின் பரப்பு 21 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாக ஓடும். புத்தம் புதிய சென்சாரும் பொய் சொல்லும். வலை எதற்கு? காற்று சுழலாமல் நேராகச் சென்சாருக்குப் போக. அது குப்பை பிடிக்கும் வலை அன்று.

டெல்டா அறுவடை | ஜூலை 19, காலை 7.50

அண்ணா, நெல் அறுவடை எந்திரம் ஓட்டுகிறவன் நான். தூசி என்றால் எங்களிடம் கேளுங்கள். பழைய டிராக்டர்களில் ஆயில் பாத் ஏர் கிளீனர். காற்று எண்ணெய்த் தொட்டியில் மோதித் திரும்பி மேலே போகும். தூசி எண்ணெயில் தங்கிவிடும். புதியவற்றில் மேலே தொப்பிபோல் ஒரு முன்வடிகட்டி. காற்றைச் சுழலவிட்டுக் கனமான தூசியை ஓரத்துக்குத் தள்ளும். பெட்டியின் அடியில் ரப்பர் மூக்கு ஒன்று தொங்கும். மாலையில் அதைப் பிதுக்கினால் ஒரு பிடி தூசி கொட்டும். அந்தச் சுழல் தொப்பியைக் காரில் வைக்க முடியாதா? ஸ்பாஞ்சைவிட நூறு மடங்கு மேல்.

எண்கணக்கு | ஜூலை 19, காலை 10.30

டெல்டாவின் யோசனை சரியானது, ஆனால் காரின் முன்பக்கத்தில் அதற்கு இடமில்லை. சுழல் தொப்பிக்குக் காற்று வேகம் வேண்டும். டிராக்டர் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும், அதற்குப் பொருந்தும். ஊருக்குள் நின்று நின்று போகும் காரில் பாதி நேரம் சுழற்சியே இருக்காது.

சரி, எவ்வளவு காற்று என்று பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.83 கிலோ. அது முழுதாக எரிய 14.5 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும், அதாவது 12 கிலோ. நம் ஊர் வெயிலில் அது பத்தாயிரம் லிட்டருக்கு மேல். டீசல் என்ஜின் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே காற்றை இழுக்கும் என்பதால் இது மிகக் குறைந்த கணக்கு. பரமத்தி நண்பர் தினமும் இரண்டரை லிட்டர் டீசல் எரிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 25,000 லிட்டர் காற்று. சென்னையில் ஓடும் பெரிய தண்ணீர் லாரியில் இரண்டு லாரி அளவு. அத்தனையும் கிரஷர் வாசலில் இழுத்த காற்று.

கூம்பு ஃபில்ட்டர் விற்பவர்கள் 98 சதவீதம் பிடிக்கும் என்பார்கள். நல்ல காகித ஃபில்ட்டர் 99.5 பிடிக்கும். வித்தியாசம் ஒன்றரைதானே என்று தோன்றும். பிடித்ததை விட்டுவிட்டுத் தப்பியதைப் பாருங்கள். நூறு கிராம் தூசியில் ஒன்று 2 கிராமை உள்ளே விடுகிறது, மற்றது அரை கிராமை. நான்கு மடங்கு. ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறைப்படி எடுத்த எண் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தால் அதை நம்பலாம். "அதிகக் காற்றோட்டம்" என்று மட்டும் போட்டிருந்தால் ஓட்டை பெரிது என்று பொருள்.

கூம்பு ரசிகனுக்கு ஒரு வார்த்தை: பெட்டியில்லாத கூம்பு பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கும். 35 டிகிரிக் காற்று 60 டிகிரி ஆனால் அதே கன அளவில் 7 சதவீதத்துக்கு மேல் எடை குறையும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் மீட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். ஓசை தேன் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

கூம்பு ரசிகன் | ஜூலை 19, காலை 10.48

தேனை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் ஓட்டுவது கிழக்குக் கடற்கரைச் சாலையில். கிரஷர் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

பரமத்திப் புழுதி | ஜூலை 19, இரவு 8.30

துடைத்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைக் கைக்குட்டையைக் குழாயின் மேற்புறம் தேய்த்தேன், ஒன்றுமில்லை. கீழ்ப்புறம் இடது ஓரத்தில் தேய்த்ததும் விபூதிபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. விரல்களுக்கு நடுவில் நசுக்கினால் நறநறவென்கிறது. ஃபில்ட்டருக்குப் பிறகு, சுத்தமான பக்கத்தில்!

அதே இடது ஓரத்தைப் பின்தொடர்ந்து போனேன். பெட்டி மூடியை நான்கு கிளிப்புகள் பிடிக்க வேண்டும். இடது பின்மூலைக் கிளிப்பின் நாக்கு உடைந்திருக்கிறது. யாரோ கட்டுக்கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? மூடியின் உள்விளிம்பில், அந்த மூலையில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு. காற்று ஃபில்ட்டரைச் சுற்றிக்கொண்டு போன பாதை அப்பட்டமாகத் தெரிகிறது. ஃபில்ட்டரையும் பார்த்தேன். சென்ற முறை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. அதன் ரப்பர் விளிம்பு கம்பெனி ஃபில்ட்டரைவிட இரண்டு மில்லிமீட்டர் மெலிதாக இருக்கிறது. மூடி சரியாகவே இருந்தாலும் அழுந்தாது.

பெட்டியின் அடியில் ஒரு பிடி நிலக்கடலைத் தொலி, பானட்டின் அடிப்பஞ்சு கொஞ்சம். எலியார் குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

பட்டறைக்காரர் | ஜூலை 19, இரவு 9.10

வெட்கப்பட வேண்டியது கம்பி கட்டியவர். நான் பார்த்த சென்சார் சாவுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ஃபில்ட்டரை மேம்படுத்த வேண்டும் என்று எல்லோரும் கடைக்கு ஓடுகிறார்கள். காற்றோ ஃபில்ட்டர் வழியாகவே போவதில்லை.

அந்தத் தூசி சென்சாரோடு நிற்பதில்லை. டர்போவின் இதழ் நுனியைத் தின்னும். பிஸ்டன் வளையத்தைத் தேய்க்கும். கிரஷர் தூள் வயல் மண் போன்றதன்று, உடைத்த கல். உப்புத்தாள்தான் அது. சென்சார் முதலில் செத்து உங்களை எழுப்பியது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சென்சார் உடனே வாங்காதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த மேட்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கணினி தன் கைக்கணக்கில் ஓட்டும். இழுவை திரும்பி வந்தால் சென்சார்தான் குற்றவாளி. பிறகு கழற்றி, ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அரைச் சாண் தள்ளிப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு முறை அடியுங்கள். பிரேக் கிளீனரும் கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பசையையும் தின்றுவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். தானாக உலர விடுங்கள், ஊதாதீர்கள். நறநறத் தூள் படலத்தைக் கீறியிருந்தால் கழுவினாலும் பிழைக்காது. ஆனால் பார்க்காமல் ஏழாயிரத்தைக் கொடுக்க வேண்டாம்.

புதிய உறுப்பினர் 88 | ஜூலை 19, இரவு 9.31

ஏசியில் ரீசர்க்குலேஷன் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனால் என்ஜினுக்குத் தூசி குறையுமா?

எண்கணக்கு | ஜூலை 19, இரவு 9.40

அது உங்கள் நுரையீரலுக்கு. என்ஜினுக்கு வழி வேறு. டிப்பருக்குப் பின்னால் பத்தடியில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்தால் இரண்டு நுரையீரலுக்கும் நல்லது.

டெல்டா அறுவடை | ஜூலை 20, காலை 6.40

பரமத்தி அண்ணா, மூடியைச் சரிசெய்த பிறகு கசிவு நின்றதா என்று தெரிந்துகொள்ள எங்கள் வழி ஒன்று. ஃபில்ட்டருக்குப் பிறகு வரும் ரப்பர் ஹோஸின் உட்சுவரில், சென்சாரைத் தாண்டி, கட்டைவிரல் அகலத்துக்குக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். கண்ணாடிபோல் மெலிதாக, கட்டியாக வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திறந்து விரலால் எடுத்துத் தேயுங்கள். வழவழவென்று இருந்தால் நிம்மதி. நறநறத்தால் இன்னும் எங்கோ ஓட்டை. செலவு பத்துப் பைசா.

ஃபில்ட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறீர்களா? எங்கள் ஆட்கள் பங்க்கில் டயருக்கு அடிக்கும் காற்றை வெளிப்புறத்திலிருந்து அடிப்பார்கள். தூசி போய்விட்டதுபோல் தெரியும். எங்கே போனது? காகிதத்துக்குள். கண்ணுக்குத் தெரியாத கிழிசலும் விழும்.

பட்டறைக்காரர் | ஜூலை 20, காலை 7.05

டெல்டாவோடு நான் கட்சி. இன்னும் ஒன்று சேர்க்கிறேன், நம்ப மாட்டீர்கள். காகித ஃபில்ட்டர் புதிதாக இருக்கும்போதுதான் அதிகம் தப்பவிடும். மேலே மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகு அந்தப் படலமே வடிகட்டும். எனவே நிறம் மாறிவிட்டது என்று மாதாமாதம் திறந்து தட்டுகிறவர் தன் வண்டிக்கு நல்லது செய்வதில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் உள்ள தூசி சுத்தமான பக்கம் விழுகிறது. உங்கள் சாலைக்கு, கையேட்டில் உள்ள தூரத்தில் பாதியில் புதிதாக மாற்றுங்கள், நடுவில் தொடாதீர்கள்.

ஈரக்காற்று | ஜூலை 20, பிற்பகல் 1.15

யாரும் மூன்றாவது யோசனையைத் தொடவில்லையே என்று காத்திருந்தேன். நான் வேளச்சேரி. 2015 டிசம்பரை மறக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை மறுநாள் சாவி போட்டு முடுக்கியவர்கள் என் தெருவிலேயே இருந்தார்கள். கனெக்டிங் ராடு வளைந்து போனது. காற்று வாயைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறேன் என்கிறீர்கள். 1.3 லிட்டர் என்ஜினில் ஒரு சிலிண்டர் 312 சிசி. அழுத்த விகிதம் சுமார் 17.5. பிஸ்டன் உச்சிக்குப் போனதும் மிச்சமிருக்கும் இடம் 19 சிசி. அதாவது நான்கு தேக்கரண்டிகூட இல்லை. அவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை, தண்ணீர் சுருங்காது. கரூரில் மழை குறைவு என்பீர்கள். அமராவதிக் கரையோரத் தரைப்பாலத்தில் ஒருநாள் போதும்.

கம்பெனிக்காரன் வாயை ஹெட்லைட் உயரத்தில் வைத்திருப்பது அழகுக்காக அன்று.

வேப்பிலை | ஜூலை 20, மாலை 5.20

எல்லாம் சுற்றி வளைக்கிறீர்கள். ஒரே தீர்வு இஜிஆர் வால்வுக்குத் தகடு அடைப்பதுதான். கரியே உள்ளே வராது, எந்தச் சென்சாரும் அழுக்காகாது. இருநூறு ரூபாய்த் தகடு. நான் மூன்று வண்டிக்குச் செய்துவிட்டேன்.

எண்கணக்கு | ஜூலை 20, மாலை 6.02

இஜிஆர் கரி வந்து சேரும் இடம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டு. ஏர்ஃப்ளோ சென்சார் இருப்பது அதற்கு வெகு முன்னால், டர்போவுக்கும் முன்னால். பரமத்தி நண்பரின் நோய் மூக்கில்; நீங்கள் காலுக்குக் கட்டுப்போடுகிறீர்கள்.

இரண்டாவது, தகடு அடைத்தால் எரியறையின் சூடு கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிகமாகும். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது டீசல் வண்டியில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. எனவே யாரும் பிடிக்க மாட்டார்கள். பிடிக்காததால் இல்லாமல் போகாது. கம்பெனி வடிவமைப்பை மாற்றுவதைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

வேப்பிலை | ஜூலை 20, மாலை 6.20

சாலையில் கிரஷர் லாரி கக்குவதைவிடவா? சட்டம் படிக்கவா இங்கே வந்தோம்?

நெறியாளர் | ஜூலை 20, மாலை 6.45

தகடு பற்றிய பேச்சு இத்துடன் போதும். காற்று வரும் வழிக்குத் திரும்புவோம்.

மலைப்பாதை | ஜூலை 21, காலை 9.00

எண்கணக்கு சொன்னதில் ஒரு நூல் பிடித்துக்கொள்கிறேன். மேனிஃபோல்டில் இருப்பது மேப் சென்சார், அழுத்தத்தை அளப்பது. அதன் எதிரி தெருப்புழுதி அன்று, வீட்டுப் பகை. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் ப்ரீதர் ஹோஸ், ஃபில்ட்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் வந்து சேர்கிறது. ஆயில் ஆவி அதன் வழியாகப் போய், இன்டர்கூலரைக் கடந்து, மேனிஃபோல்டில் இஜிஆர் கரியைச் சந்திக்கிறது. எண்ணெயும் கரியும் சேர்ந்தால் தார். அந்தத் தாரில் மேப் சென்சாரின் துளை மூடும். பரமத்தி நண்பர் 1,38,000 ஓட்டியிருக்கிறார். அதைக் கழற்றிப் பார்த்தாரா?

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். ப்ரீதர் வழியில் ஆயில் பிடிக்கும் கேன் ஒன்றை மாட்டி மூன்று ஆண்டுகள். பட்ட பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் கேன் உள்ளே தடுப்பே இல்லாத வெற்று டப்பா. ஒரு சொட்டும் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைத்தேன். துருப்பிடித்து உதிர ஆரம்பித்தது. டர்போவுக்குள் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். இப்போது துருப்பிடிக்காத எஃகு நாரும் அதற்கு மேல் துளைத் தகடும். தண்ணீர் ஹோஸ் போட்டேன். எண்ணெயில் ஊறி இட்லிபோல் உப்பியது. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ்தான் வேண்டும், அதுவும் பழைய ஹோஸின் விட்டத்துக்குக் குறையாமல். குறுகினால் என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்காமல் தேங்கும். அதன் சீலைத் தாண்டிக் கசியும். ஆயிலைத் தடுக்கப் போய் ஆயிலை ஊற்றிய கதையாகிவிடும்.

குளிர்காலத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிக்கிறேன். மோர்போல் வெளுத்து வரும், பாதி தண்ணீர். கரூரில் அவ்வளவு இருக்காது. மறந்துபோகிறவர்கள் கேன் மாட்டாமலிருப்பதே மேல். நிரம்பிய கேன் ஒரே மடக்கில் உள்ளே போனால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

பட்டறைக்காரர் | ஜூலை 21, காலை 9.25

மலைப்பாதைக்கு ஒரு வணக்கம். தோற்றதையும் சேர்த்து எழுதுகிறவர் குறைவு.

கேன் போடும் முன் ஆயில் அளவைப் பாருங்கள் தம்பி. குச்சியில் மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவிட்டு, ஆவி அதிகம் வருகிறது என்று வருகிறவர்கள் ஏராளம்.

பரமத்திப் புழுதி | ஜூலை 27, இரவு 10.10

செய்ததைச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கி மேட்டில் ஏற்றினேன். பழைய வண்டி திரும்பி வந்ததுபோல் ஏறியது. சென்சாரைக் கழுவினேன். கம்பெனி ஃபில்ட்டர் போட்டேன். கிளிப் தனியாகக் கிடைக்காது, மூடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். சென்னைக்குப் போன மைத்துனர் புதுப்பேட்டையில் பழைய மூடி ஒன்றைத் தேடிப் பிடித்தார். நான்கு நாக்கும் முழுசு. டெல்டா தம்பி சொன்னபடி கிரீஸ் தடவிவிட்டேன்.

பெட்டி அடியில் ஒரு வடிகால் துளை இருப்பது இப்போதுதான் தெரிந்தது. கடலைத் தொலியும் புளிய இலையும் சேர்ந்து அடைத்திருந்தது. குத்திவிட்டேன். காற்று வாயில் ஸ்பாஞ்சுக்குப் பதிலாக, அரையங்குலக் கண்ணுள்ள எஃகு வலை வைத்திருக்கிறேன். எலிக்கு மட்டும்.

மேப் சென்சாரைக் கழற்றினேன். மலைப்பாதை அண்ணா சொன்ன தார் என்ற சொல் மிகையில்லை. சென்சார் நுனி எங்கே, தார் எங்கே என்று பிரித்தறிய முடியவில்லை.

எண்கணக்கு | ஜூலை 27, இரவு 10.32

மேப்பின் துளைக்குள் ஊசி விடாதீர்கள். உள்ளே அழுத்தம் உணரும் சவ்வு இருக்கிறது. ஏர்ஃப்ளோ ஸ்ப்ரேயில் ஊறவைத்துக் கவிழ்த்து வடித்தால் போதும். அதன் வளைய ரப்பரைப் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் அங்கே டர்போ அழுத்திய காற்று கசியும்.

புளூடூத் ஸ்கேனர் இருக்கிறதல்லவா? சாவி போட்டு, என்ஜினை முடுக்காமல் மேப் எண்ணைப் பாருங்கள். ஊரின் காற்றழுத்தமே வர வேண்டும். கரூரில் 100 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவாக. ஏர்ஃப்ளோவுக்கு: ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுழற்சி, இஜிஆர் மூடியிருந்தால் சுமார் 8 முதல் 9 கிராம், நொடிக்கு. ஒரு சிலிண்டருக்கு 312 சிசி, அதில் 85-90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. இஜிஆர் திறந்திருந்தால் நன்றாகக் குறையும், பயப்படாதீர்கள். கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டால் பல வண்டிகளில் இஜிஆர் தானே மூடிக்கொள்ளும், அப்போது படியுங்கள்.

பரமத்திப் புழுதி | ஜூலை 28, காலை 7.20

மேப்: 98. ஏர்ஃப்ளோ: இஜிஆர் மூடியதும் 7.6. கழுவுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த எண் 5.9.

எண்கணக்கு | ஜூலை 28, காலை 7.41

7.6 கொஞ்சம் குறைவுதான். படலத்தில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டிப் பாருங்கள், விளக்கு வராதவரை விடுங்கள்.

பரமத்திப் புழுதி | செப்டம்பர் 9, இரவு 9.05

2,100 கிலோமீட்டர் ஆயிற்று. இன்று ஹோஸைக் கழற்றிக் கிரீஸை எடுத்துத் தேய்த்தேன். வழவழ. என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா ஏன் கிரீஸைத் தடவிப் பார்த்துச் சிரிக்கிறார்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

விளக்கு வரவில்லை. மூன்றாவது கியரில் மேடேறுகிறது, பழைய வேகத்துக்கு ஒரு பிடி குறைவாக. ஸ்கேனரில் 7.5-தான் நிற்கிறது. இந்தச் சென்சார் தீபாவளி வரை தாங்கினால் பிறகு புதிது போடுவேன். அப்போது அது நல்ல காற்றையாவது சுவாசிக்கும். கேன் மாட்டவில்லை, நான் மறக்கும் ரகம்.

புதிய உறுப்பினர் 88 | செப்டம்பர் 9, இரவு 9.50

அண்ணா, என் வண்டியிலும் இதே மூடி, இதே மூலைதான் உடைந்திருக்கிறது. புதுப்பேட்டையில் எவ்வளவுக்குக் கிடைத்தது?

பரமத்திப் புழுதி | செப்டம்பர் 9, இரவு 9.58

அறுநூறு சொன்னார், மைத்துனர் முந்நூற்றைம்பதுக்கு முடித்தார். வாங்கும் முன் நான்கு நாக்கையும் விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் காட்டிய மூடியில் ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்ததாம்.